திருப்பித் தைத்த கோட்டு

எங்கள் காலனியில் துணிக்கு இரண்டே பெயர்கள் இருந்தன. கடையில் வாங்கினால் புதுசு. கேட்டு வாங்கினால் பழசு. பாவாடையா, சட்டையா, போர்வையா என்பதெல்லாம் அதற்கு அடுத்த பேச்சு.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது காலனி. அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போன வீடுகள் சாலையின் அந்தப் பக்கம், ஊருக்குள். மார்கழி முடிகிற சமயத்தில் அம்மா அந்த வீடுகளுக்குப் பழசு கேட்கப் போவாள். நானும் கூடப் போவேன். பின்வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா துணியோடு வந்து படியில் நிற்பார். அம்மா கீழே நின்று முந்தானையை விரித்துப் பிடிப்பாள். மேலேயிருந்து துணி விழும். கையில் கொடுக்கிற வழக்கம் இல்லை. அதனால்தான் காலனியில் "பழசு போட்டாங்களா?" என்று கேட்பார்கள். கொடுத்தார்களா என்று யாரும் கேட்டதில்லை. விழுந்ததை அங்கேயே பிரித்துப் பார்க்கவும் கூடாது. கிழிசல் எவ்வளவு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஒரு வருஷம் எனக்கு விழுந்த பாவாடையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை, பெட்டியின் வடிவத்திலேயே இருந்தது. அம்மா அதில் வேறு துணியை வைத்துத் தைத்தாள். அது கிழிகிறவரைக்கும் கட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காலனிப் பையன்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். சாலை முனையில் தலைவரின் சிலையை நிறுத்தினார்கள். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம், மார்புப் பையில் பேனா. பெயர் எழுதத் தேவையில்லை, கோட்டைச் சொன்னாலே போதும். சங்கம் போட்ட முதல் தீர்மானம், இனிமேல் காலனியில் யாரும் பழசு கேட்கப் போகக் கூடாது என்பது. அதை முதலில் எழுந்து சொன்னவன் என் அண்ணன்.

அந்த வருஷப் போகியன்று விடிந்ததும் ஊர் முழுக்கக் கிழிந்த பாயும் உடைந்த கூடையும் எரிந்தன. எங்கள் காலனியில் பழசு மொத்தமும் எரிந்தது. அண்ணன் ஒவ்வொரு வீடாகப் போய் வாரிக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டையும் அவன் விடவில்லை. அம்மாவின் கல்யாணப் புடவையும், பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த என் சீருடையும்தான் மிஞ்சின. தை மாதக் குளிரில் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அன்றைக்குக் கொளுத்தியது சரிதான் என்றுதான் சொல்வேன். அதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை கிடையாது. சண்டை அதற்குப் பிறகு வந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது, யாராவது சம்பாதிக்க வேண்டும். காலனிப் பெண்களோடு ரயிலேறித் தாம்பரம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். முதலில் நூல் வெட்டினேன், பிறகு காலர் வைத்தேன், பிறகு முழுச் சட்டையும் வந்தது. ஓரிடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். பெங்களூர் போனேன், திருப்பூர் போனேன். திருப்பூரில் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவர் அடித்தார். இரண்டாவது தடவை அடித்தபோது கிளம்பிவிட்டேன். அங்கிருந்து கொண்டு வந்தது ஒரு தையல் மெஷினின் தலை மட்டும்தான். சாக்கில் கட்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அண்ணனுக்கு மறைமலைநகரில் வண்டிக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகியிருந்தது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தினமும் சாலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வீட்டுப் பின்சுவரோடு ஒரு கூரைச் சாய்ப்பு இறக்கி எனக்கு இடம் கொடுத்தான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்லவன்தான். பிடிவாதக்காரன், அவ்வளவுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது.

கல்பாக்கம் பஸ்ஸில் ஓர் அக்காவைப் பார்த்தேன். தெலுங்கு பேசுகிறவர். தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற வியாபாரம். அங்கே அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் தெருக்களில் கூவிக்கொண்டு போவார். எனக்கு வேறு வேலை இல்லை, கூடவே நடந்தேன். மறுவாரம் தனியாக ஒரு கூடை தூக்கினேன்.

முதல் நாள் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் கதவைத் திறந்து, புடவைகளையும் பேன்ட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். நூல் விட்டிருக்கிறதா, தொடைப் பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று விரலை உள்ளே விட்டுத் தடவினேன். இரண்டு புடவைகளைத் தள்ளி வைத்தேன்.

"ஏம்மா, அது நல்ல சேலைதானே" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா. நைஞ்சி போச்சி. வேணாம்."

அவர் உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தார். அதையும் வேண்டாம் என்றேன். தேறியதற்கெல்லாம் சேர்த்து ஒரு எவர்சில்வர் சம்படம் கொடுத்தேன். அந்தத் தெருவைவிட்டு வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழசைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். அண்ணன் வேண்டாம் என்று கொளுத்தினான். நான் வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். இரண்டும் வேறு.

அக்கா வாங்குகிற துணியை மூட்டையாகக் கட்டிச் சந்தையில் விற்றுவிடுவார். நான் விற்கவில்லை, வெட்டினேன். பேன்ட்டின் ஒரு கால் ஒரு கடைப்பை. ஜீன்ஸ் என்றால் இன்னும் பலம், அரிசி வாங்கலாம். பூனம் புடவையைக் கிழித்துப் பின்னினால் மிதியடி. நூல் புடவைகளை நான்கு அடுக்கு வைத்து ஓட்டுத் தையல் போட்டால் மெத்தென்று விரிப்பு. சட்டையின் முதுகில் தலையணை உறை, முன்பக்கத்துப் பட்டனையே உறைக்கும் பட்டனாக விட்டுவிடலாம், புதிதாகக் காஜா எடுக்க வேண்டாம். அந்தக் காலத்தில் டிவிக்கும் மிக்சிக்கும்கூடச் சட்டை போட்டு வைத்தார்கள். திரைச்சீலைத் துணியில் அவற்றுக்கும் தைத்தேன். கூடுவாஞ்சேரியில் வாடகைக்குக் குடிவந்த குடும்பங்கள் நிறைய வாங்கின.

ஆண்டு விழா சமயத்தில் பள்ளிக்கூடத்துக்கு வேஷத்துணி தைத்தேன். பச்சைப் புடவை மூன்று சேர்ந்தால் ஒரு கிளி. பட்டுப்புடவையில் உடம்பு இற்றுப்போனாலும் சரிகை இற்றுப்போகாது, அதை வெட்டி ஒட்டினால் எந்தப் பிள்ளையும் ராஜா. புலிக்கு மட்டும் கஷ்டப்பட்டேன். மஞ்சள் போர்வையில் கறுப்புப் பாவாடைநாடாவை வரிவரியாக வைத்துத் தைத்ததில் புலி கொஞ்சம் ஆட்டோ மாதிரி ஆகிவிட்டது. யாராவது "இது பழசா?" என்று கேட்டால் ஆமாம் என்பேன். சிலர் வைத்துவிட்டுப் போவார்கள். போகட்டும்.

மாமல்லபுரத்தில் வடக்கத்திக் கடைக்காரர் ஒருவர் என் விரிப்புகளை மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் கடையில் நிற்கும்போதே ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் அதைக் காட்டி, பாலைவனத்துப் பெண்கள் ஆறு மாதம் உட்கார்ந்து தைத்தது என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியும். நான் முன்னால் போய் மெஷின் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டிக் காட்டி, "ஐ மேக். செங்கல்பட்டு" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எடுக்க மாட்டேன் என்றார். கடற்கரைக்குப் போகிற வழியில் தார்ப்பாயை விரித்து நானே உட்கார்ந்தேன். போலீஸ் எழுப்பினால் எழுந்திருப்பேன், போனதும் உட்காருவேன்.

அண்ணன் என் மூட்டையை முதன்முதலில் பார்த்த நாளைச் சொல்ல வேண்டும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன், சாய்ப்பில் குவிந்திருந்த துணியைக் காலால் ஒதுக்கினான்.

"இன்னாது இது?"

"துணி."

"அது தெரியிது. யாருது?"

"என்துதான். பாத்திரம் குட்த்து வாங்கனது."

"எவனோ போட்டுக் கழட்டனது. நம்ம அம்மா முந்தானிய விரிச்சிகினு நின்னத மறந்துட்டியா?"

"மறக்கல. அதான் இப்ப அவங்க எட்தாந்து காட்டறாங்கோ, நான் நின்னுகினு பாக்கறேன்."

அவனுக்கு அது ஏறவில்லை. காலனியே ஒருகாலத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு கொளுத்தியது, அவன் தங்கை மூட்டை மூட்டையாகத் திரும்பக் கொண்டுவருகிறாள் என்று நாலு பேர் பேசினால் அவன் எங்கே முகத்தை வைத்துக்கொள்வான் என்று கேட்டான். நான் கேட்டு வாங்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவன் ஒரு கட்டளை போட்டான். வெளியே எங்கே வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம், காலனிக்குள் அதில் தைத்தது ஒருத்தர் உடம்பிலும் ஏறக் கூடாது.

உடம்பில் ஏறக் கூடாது என்றுதானே சொன்னான். அண்ணி வாசலுக்கு ஒரு மிதியடி எடுத்துக்கொண்டாள், மிக்சிக்கு ஒரு உறை எடுத்துக்கொண்டாள். அண்ணன் தினமும் அந்த மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் என்னைத் திட்ட வந்தான். தலையணை உறை மட்டும் பிரச்சினையாயிற்று. நன்றாக இருக்கிறதே என்று அவனே கேட்க, சந்தையில் வாங்கியது என்று அண்ணி சொல்லப் பார்த்தாள். நான் குறுக்கே புகுந்து, கல்பாக்கத்துக்காரர் ஒருவரின் இரண்டு சட்டை என்றேன். ஒரு வாரம் தலைக்கு வைக்காமலே படுத்தான். கழுத்து பிடித்துக்கொண்டு, பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டான்.

அவன் மகளுக்கு ஏழு வயதானபோது சங்கத்தில் தலைவர் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். பாப்பா தலைவராகத்தான் வருவேன் என்றாள். அண்ணனுக்கு அதைவிடப் பெருமை எதுவும் கிடையாது. லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டில் வாடகைக்கு வேஷத்துணி விடுகிற கடைக்குப் போனான். சாமி இருந்தது, ராஜா இருந்தார், தலைப்பாகை கட்டியவர், ரோஜாப்பூ வைத்தவர், கைத்தடி ஊன்றியவர் எல்லாரும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நீலக் கோட்டு இல்லை. அதை யாரும் கேட்பதில்லை என்றாராம் கடைக்காரர். இதோ நான் கேட்கிறேனே என்றானாம் அண்ணன். "கறுப்புக் கோட்டு கீது, வக்கீலு. அத்த எட்துனு போயேன், அவரும் வக்கீலுதான?" என்று கடைக்காரர் சொன்னதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிக் கொதித்தான். பஜாரில் கோட்டு தைக்கிற டெய்லர்கள் கல்யாண சீசனில் இருந்தார்கள். பிள்ளைக் கோட்டு என்றதும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

என்னிடம் ஒரு நீலக் கோட்டு இருந்தது.

குவார்ட்டர்ஸில் ஓர் அம்மாவிடம் வாங்கியது. அவர் வீட்டுக்காரர் கல்யாண ரிசப்ஷனில் ஒரு சாயங்காலம் மாட்டிக்கொண்டு நின்ற கோட்டும் பேன்ட்டும். பேன்ட்டைப் பூச்சி அரித்திருந்தது. கோட்டு ஜன்னல் ஓரமாகத் தொங்கித் தோளெல்லாம் வெளுத்திருந்தது. மாட்டினவருக்கு இப்போது ஒரு கைகூட நுழையாது என்று அந்த அம்மா சிரித்தார். நான் அதற்கு ஓர் அண்டா கொடுத்தேன். ஒற்றைக் கோட்டுக்கு அண்டாவா, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று தெலுங்கு அக்கா திட்டினார். நான் சட்டை தைத்திருக்கிறேன், பேன்ட் தைத்திருக்கிறேன், கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குத்தான் அந்த அண்டா.

பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, இழுத்தால் துணி போய்விடும். உள்ளே பட்டு மாதிரி லைனிங், அதற்குள் முரட்டுக் கேன்வாஸ், தோளில் பஞ்சுத் திண்டு. நிமிர்ந்து நிற்பது ஆள் இல்லை, அந்தக் கேன்வாஸ்தான். லைனிங்கை எடுத்ததும் துணியின் உள்பக்கம் தெரிந்தது. வெளிப்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. உள்பக்கம் அப்படியே நீலம். எங்கள் சிலைக்கு வருஷா வருஷம் அடிக்கிற பெயின்ட் நீலம்.

துணியைத் திருப்பித் தைத்தேன். உள்ளே இருந்தது வெளியே, வெளியே இருந்தது உள்ளே. பாப்பாவை நிற்க வைத்து அளந்து, பெரிய ஆளின் கோட்டைச் சின்ன உடம்புக்குக் குறைத்தேன். ஒரே ஒரு இடம் சிக்கலாக இருந்தது. மார்புப் பைக்காக இடது முன்பக்கத்தில் துணியைக் கீறியிருந்தார்கள். திருப்பியதும் அது வலது பக்கத்துக்கு வந்துவிட்டது. இழை ஓட்டி மூடினால் தழும்பு தெரியும். பேன்ட்டில் வேறு துணி எடுக்கலாம் என்றால் அது சல்லடை. இருக்கிற கீறலிலேயே பையை வைத்துவிட்டேன். பேனா எந்தப் பக்கம் என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வேறு எந்த ஊராக இருந்தாலும் அது சரியாக இருந்திருக்கும்.

அண்ணி கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "புதுத்துணின்னு சொல்லிக்கலாமே. பாத்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். நான் மாட்டேன் என்றேன். அன்றைக்கு அண்ணன் வந்து கை கழுவுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவன் கோட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் புரட்டினான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"கிளி வேசம், புலி வேசம்னா சரின்னு வுட்ருப்பேன். அவரு எதுக்குக் கோட்டு போட்டாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா இத்த வெட்டியிருக்க மாட்ட."

"இந்தப் பக்கம் யாரும் போட்டதில்ல. ஒருத்தர் ஒடம்புலயும் படல. வெயிலுகூட பாக்கல" என்றேன்.

சொல்லி முடித்ததுமே எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் சொல்ல வந்தது அது இல்லை. நூறு பேர் போட்டிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, வெட்டித் தைத்த பிறகு அது என்னுடையது என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆனால் அண்ணன் அந்த யாரும் போடாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். மகளின் முகத்தைப் பார்த்தான். சரி, போடட்டும், ஆனால் எதில் தைத்தது என்று காலனியில் யாருக்கும் தெரியக் கூடாது என்றான்.

"கேட்டா சொல்லுவேன்."

"எவன் கேக்கப்போறான்?"

"அத நீ பாத்துக்கோ. கேட்டா சொல்லுவேன்."

அவனுக்கு அதில் இருந்தது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். போகியன்று எல்லார் வீட்டிலும் நுழைந்து வாரியவன். அவன் வாரியதில் ஒரு வீட்டில் கைக்குழந்தையின் போர்வையும் போனது. அந்த வீட்டுக்காரர்கள் அதை இன்னும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், ஆனால் சொல்வார்கள். அவன் மகளே பழசு போட்டுக்கொண்டு மேடையேறினாள் என்றால் அந்தப் போர்வைக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் நான் பொய் சொல்வதாக இல்லை. என் வேலையை ஒளித்து வைத்துச் செய்ய வேண்டுமென்றால் அந்த வேலையே வேண்டாம்.

விழா சாயங்காலம் சிலைக்கு எதிரே. பலகை அடித்த மேடை, குழாய் ஒலிபெருக்கி, வெயில் இறங்கியும் மண்ணிலிருந்து சூடு வந்துகொண்டிருந்தது. ஒரு போலீஸ், ஒரு டாக்டர், இரண்டு விமானி எல்லாம் போன பிறகு பாப்பா ஏறினாள். காலனி மொத்தமும் கை தட்டியது. சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். தோளில் நான் குறைத்து வைத்த திண்டு சரியாக உட்கார்ந்திருந்தது. எழுதிக் கொடுத்த இரண்டு வரியை அவள் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து வாயசைத்தான்.

சங்கச் செயலாளர்தான் மைக் பிடித்திருந்தார். போகியன்று அண்ணனோடு சேர்ந்து வாரியவர், இப்போது அரசாங்க உத்தியோகம், காது ஓரம் நரைத்திருந்தது. குழந்தையிடம் செல்லமாகக் குனிந்தார்.

"எல்லாம் சரியா கீது. ஆனா தலைவருக்குப் பேனா எந்தப் பக்கம்? திரும்பிப் பாரு."

பாப்பா சிலையைப் பார்த்தாள். கூட்டமும் பார்த்தது. தினமும் போகும்போதும் வரும்போதும் பார்க்கிற சிலை, எத்தனை பட்டன் என்றுகூட எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். பேனா இடது பக்கம். எல்லாரும் சிரித்தார்கள். பாப்பாவுக்குத் தன்னைத் தப்பு சொல்லிவிட்டார்கள் என்று கோபம்.

"திருப்பித் தச்சா பை மாறிக்கும். எங்க அத்த சொல்லிச்சி."

"எத்தத் திருப்பி?"

"பழைய கோட்ட" என்றாள், மைக்கில்.

செயலாளர் மைக்கைக் கையால் பொத்தினார். ஆனாலும் குழாயில் கேட்டது.

"இன்னா மச்சான் இது? மொதல்ல கொளுத்தனதே நீதான?"

அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் பின்னால் பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், முன்னால் போனேன். தைத்தது நான், என்னைக் கேளுங்கள் என்றேன். யார் வீட்டுப் பின்வாசலிலும் நிற்கவில்லை, அண்டா கொடுத்து வாங்கினேன் என்றேன். ஒரு பெண் பின்னாலிருந்து, அண்டா எத்தனை படி பிடிக்கும் என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. எப்படி வாங்கினாலும் பழசு பழசுதான், தீர்மானம் எல்லாருக்கும் ஒன்றுதான், இந்த விழாவில் இந்த வேஷத்துக்கு இந்தத் துணியா என்றார். கைக்குழந்தைப் போர்வை போன வீட்டுக்காரர், "எங்களுது மட்டும் எரியலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அப்போதுதான் அண்ணன் எழுந்து மேடையில் ஏறினான். கோட்டைக் கழற்றப்போகிறான் என்று நான் நினைத்தேன். பாப்பாவும் அப்படித்தான் நினைத்தாள் போல, இரண்டு கையாலும் பட்டனைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைத் தாண்டிப் போய் மைக்கை வாங்கினான்.

"நாம எதுக்குக் கொளுத்தனோம்? துணி மேல கோவமா? மேலேந்து போட்டாங்களே, அந்தப் போட்டதத்தான் கொளுத்தனோம். இது யாரும் போட்டது இல்ல. என் தங்கச்சி பாத்து, வேணான்றத வேணான்னு தள்ளிட்டு, பொறுக்கி வாங்கனது. போட்டது வேற, வாங்கனது வேற."

பிறகு போர்வை போன வீட்டுக்காரரைப் பார்த்து, அந்தக் குளிருக்கு நான் என்ன பதில் சொன்னாலும் பத்தாது, ஆனால் எரித்தது தப்பு என்று சொல்ல மாட்டேன் என்றான். அப்படிச் சொல்லும்படி அவரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். நிறைய பேர் தட்டவில்லை. எனக்குக் கண் கலங்கியதா என்று பிற்பாடு அண்ணி கேட்டாள். கலங்கவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனை வருஷமாகச் சாய்ப்பில் நின்று நான் தொண்டை வற்றச் சொன்னது. மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு வந்து காதில் வாங்காமல் போனவன், மைக் கிடைத்ததும் ஏதோ அவனே யோசித்தது மாதிரி பேசுகிறான். வீட்டுக்குப் போகிற வழியில் அதைச் சொன்னேன்.

"நீ சொன்னப்ப புரியல. என் பேச்சையே செயலாளரு சொன்னப்பதான் புரிஞ்சிது" என்றான்.

பரிசு விமானிகளில் ஒருவருக்குப் போனது. செயலாளர் அதற்குப் பிறகு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். இன்றுவரை பேசவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கிழித்துக்கொண்ட கோடு அந்த இடத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் நான்கு பிள்ளைகள் நீலக் கோட்டு கேட்டு வந்தார்கள். நான்கும் நான்கு நீலம். பேனாவை எல்லாவற்றிலும் இடது பக்கம் வைத்தேன்.

விழா முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாய்ப்புக்கு வந்தான். கையில் அவனுடைய கம்பெனி யூனிஃபார்ம், இரண்டு செட், எண்ணெய்க் கறையோடு. மெஷின் மேல் வைத்தான்.

"வெட்டி எதுனா பண்ணிக்கோ."

நான் பேன்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரலை உள்ளே விட்டுத் தடவினேன்.

"முட்டி தேஞ்சிகீது. இதுக்கு டம்ளருதான் வரும்."

"தங்கச்சிகிட்ட எனக்கு இன்னாத்துக்கு டம்ளரு? சும்மா வச்சிக்கோ."

"சும்மா நான் யார்கிட்டயும் வாங்கறதில்ல."

அவன் கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துத் தட்டிப் பார்த்தான். நல்ல கனமான ஒரு சொம்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். இரண்டு செட்டுக்கு இதுகூட இல்லையா என்றான். கறை போகாது என்றேன். கறையை உள்ளே வைத்துத் திருப்பித் தை என்றான். அரைமணி நேரம் பேரம் பேசினோம். சொம்பை நான் தரவில்லை.